அவார்டு வேணுமா சார்?

சேலத்திலிருந்து நாமக்கல் போகிற ரோட்டில் எந்தக் கம்பெனி ரிசப்ஷனுக்குள் நுழைந்தாலும் மூன்று அயிட்டங்கள் நிச்சயம் இருக்கும். மாலை போட்ட ஸ்தாபகர் படம். வாஸ்து மீன் தொட்டி. கண்ணாடி ஷோகேஸில் வரிசையாகக் கேடயங்கள். முதல் இரண்டுக்கும் அப்ளிகேஷன் போட வேண்டியதில்லை. மூன்றாவதுக்குப் போட வேண்டும். அந்த அப்ளிகேஷனை ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து எழுதுகிற அப்பாவி யார் என்று ஷோகேஸ் சொல்லாது. நான் சொல்கிறேன்.

இந்தப் பக்கத்து நூல் மில் ஒன்றில் இருபது வருஷத்துக்கு மேலாகக் குப்பை கொட்டுகிறேன். தொழிலாளர் பத்திரிகை, சேஃப்டி போஸ்டர், ஆயுத பூஜை அழைப்பிதழ், எம்.டி.யின் சுதந்திர தின உரை... எல்லாம் ஒரே டேபிள்தான். டெசிக்னேஷன், 'கம்யூனிகேஷன்ஸ்'. நான் டெலிபோன் டிபார்ட்மென்ட்டில் வேலை பார்ப்பதாகத்தான் என் மாமியார் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார். நானும் திருத்தவில்லை. கவர்ன்மென்ட் உத்தியோகம் என்று நினைத்தால் நமக்கென்ன நஷ்டம்?

வருஷா வருஷம் அவார்டு சீசன் வந்தால் பக்கத்து கம்பெனிப் பையன்கள் போன் பண்ணுவார்கள்.

"அண்ணா, எங்க ஜி.எம். இந்தத் தடவை கேடயம் இல்லாம வரக்கூடாதுன்னுட்டாருங்க. என்னங்க எழுதறது?"

"என்ன பண்ணீங்கன்னு எழுதுப்பா."

"அதத்தாங்கண்ணா எழுதியிருக்கேன். முப்பது பக்கம் வந்துருச்சுங்க!"

முப்பது பக்கம். பாதிக்கு மேல் போட்டோ. அமைச்சர் குத்துவிளக்கு ஏற்றுகிறார். ஜி.எம். குத்துவிளக்கு ஏற்றுகிறார். ஜி.எம். மனைவி குத்துவிளக்கு ஏற்றுகிறார். அந்தப் பிரசாரத்தால் ஏதாவது மாறியதா? தெரியாது. விளக்கு எரிந்தது, அது மட்டும் நிச்சயம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. நாட்டில் இரண்டு வகை விருதுகள் உண்டு. ஒன்று, நீங்கள் விண்ணப்பித்து அவர்கள் தேர்ந்தெடுப்பது. இன்னொன்று, அவர்களே போன் பண்ணி, "சார், உங்க கம்பெனி செலக்ட் ஆயிருக்கு! மேடைச் செலவுக்கு மட்டும் கொஞ்சம்..." என்று இழுப்பது. அந்தக் 'கொஞ்சம்' எத்தனை ஆயிரம் என்பது உங்கள் குரலில் தெரிகிற ஆசையைப் பொறுத்தது. இந்த இரண்டாவது வகைக்கு நான் எந்த யோசனையும் சொல்லப் போவதில்லை. செக் புக் போதும்.

முதல் வகைக்கு நம் நாட்டிலேயே பழைய ஆட்கள் இருக்கிறார்கள். தொழிற்சாலைப் பத்திரிகைகளுக்கும் கம்பெனித் தகவல் வேலைகளுக்கும் பரிசு தருகிற ஏ.பி.சி.ஐ. மும்பையில் 1957-ல் தொடங்கியது. பப்ளிக் ரிலேஷன்ஸ்காரர்களின் தேசிய சங்கமான பி.ஆர்.எஸ்.ஐ. 1958-ல் வந்தது. விளம்பரத்துக்கு 'எஃபி' என்று ஒன்று. 1968-ல் நியூயார்க்கில் பிறந்தது. அந்தப் பெயரே 'பலன்' என்பதற்கான ஆங்கில வார்த்தையின் சுருக்கம்தான். விளம்பரம் அழகாக இருந்ததா என்பது மட்டும் அங்கே போதாது. வேலை செய்ததா என்று கேட்பார்கள். சவால், யோசனை, செய்த விதம், விளைவு என நான்கு பகுதிகளுக்கு மார்க். விளைவுக்கு மட்டும் 30 சதவிகிதம். பாக்கியை மற்ற மூன்றும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்ளும். எந்த எண்ணை எழுதினாலும் அது எங்கிருந்து வந்தது என்று பக்கத்திலேயே குறிக்க வேண்டும். அமோகம், பிரமாண்டம், வரலாறு காணாத... இதற்கெல்லாம் மார்க் கிடையாது.

பையன்களிடம் நான் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவேன்: "யார் மாறினாங்க? எதிலிருந்து எதுக்கு மாறினாங்க? அது உன்னாலதான் மாறிச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்? இந்த மூணுக்கும் பதில் இருந்தா எழுது. இல்லேன்னா போய்ப் படு." மூன்றாவது கேள்வியில்தான் அநேகமாக எல்லோரும் படுப்பார்கள்.

உதாரணம் தேடி அமெரிக்கா போக வேண்டாம். திருச்செங்கோடு போனால் போதும். அதன் பக்கத்தில் புதுப்பாளையத்தில் 1925-ல் ராஜாஜி காந்தி ஆசிரமம் ஆரம்பித்தார். 1929-ல் அங்கிருந்து ஒரு பத்திரிகை வெளிவந்தது: 'விமோசனம்'. மதுவிலக்குப் பிரசாரத்துக்கென்றே ஒரு பத்திரிகை! ஆசிரியர் ராஜாஜி. உதவி ஆசிரியர், பிற்காலத்தில் 'பொன்னியின் செல்வன்' எழுதப்போகிற கல்கி. இப்படி ஒரு டீம் எந்த ஏஜென்சிக்கு அமையும், சொல்லுங்கள்!

இருந்தும், 'விமோசன'த்துக்கு இன்றைக்கு ஒரு அவார்டு அப்ளிகேஷன் எழுதச் சொன்னால் எனக்கு வியர்க்கும். நோக்கம்? பளிச்சென்று இருக்கிறது. குடியை விடு. அதற்குமேல் விளக்கம் வேண்டாம். ஆனால் யாருக்கு? கள்ளுக்கடையில் உட்கார்ந்திருப்பவனுக்கு அன்றைக்குப் படிக்கத் தெரிந்திருக்க வாய்ப்புக் குறைவு. அப்படியானால் படித்தவர்கள் வாசித்துவிட்டு ஊரில் போய்ச் சொல்ல வேண்டும். அப்போது உன் வாசகர் வேறு, நீ மாற்ற நினைக்கும் ஆள் வேறு. இந்த வித்தியாசத்தை அப்ளிகேஷனில் எழுதினாலே ஜட்ஜ் நிமிர்ந்து உட்காருவார். நிறையப் பேர் 'பொதுமக்கள்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். பொதுமக்கள் என்று ஒரு ஆளை நான் இதுவரை சந்தித்ததில்லை.

விளைவு? அங்கேதான் சிக்கல். ராஜாஜி முதல் மந்திரியானதும் 1937 அக்டோபர் 1-ம் தேதி சேலம் ஜில்லாவில்தான் முதன்முதலாக மதுவிலக்கு வந்தது. நாமக்கல்லும் அப்போது சேலம் ஜில்லாவுக்குள்தான். கடைகள் மூடப்பட்டன. சரி, குடி குறைந்திருந்தால் அது பத்திரிகையாலா, சட்டத்தாலா? 'எங்கள் பத்திரிகையின் மாபெரும் வெற்றி' என்று எழுதினால் ஜட்ஜ் சிரிப்பார். 'சட்டம் வருமுன் ஊரில் இருந்த பேச்சு இது. பத்திரிகை சேர்த்தது இவ்வளவு. சட்டம் செய்தது இவ்வளவு' என்று பிரித்து எழுதினால்தான் மதிப்பார். (கள்ளு வருமானம் போன பள்ளத்தை நிரப்ப 1939-ல் சென்னை மாகாணத்தில் விற்பனை வரி வந்தது. ஓட்டல் பில்லின் அடியில் வரியைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறவர்கள், அதன் தாத்தா பிறந்த ஜில்லா எது என்று தெரிந்துகொள்ளட்டும்.)

இந்தப் பிரித்து எழுதுகிற வித்தை வராத பையன்களுக்கு நான் முட்டையைக் காட்டுவேன். நாமக்கல்காரனுக்கு முட்டையைக் காட்டினால் எதுவும் புரியும்.

ஒரு காலத்தில் பெரிய நகரத்து வியாபாரி வைத்ததுதான் முட்டை விலை. தீவனக் காசுகூடத் திரும்பாமல் பண்ணைக்காரர்கள் திண்டாடினார்கள். டாக்டர் பி.வி.ராவ் முன்னால் நின்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டு விவசாயிகளைத் திரட்டினார். 1982-ல் உருவானது என்.இ.சி.சி. எனப்படும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு. 'என் முட்டை, என் விலை, என் வாழ்க்கை' என்பது கோஷம். விலையை விவசாயியே தினமும் அறிவிப்பது என்று முடிவானது. யோசித்துப் பாருங்கள், அந்த அறிவிப்பே ஒரு தகவல்தொடர்பு வேலைதானே! ஜிங்கிள் இல்லை, மாடல் இல்லை. ஒரே ஒரு எண். காலையில் அதைப் பேப்பரில் பார்க்கிற பண்ணைக்காரருக்கு, வாசலில் நிற்கிற வியாபாரியிடம் பேசத் தெம்பு வருகிறது. யார் மாறினார்கள், எதிலிருந்து எதற்கு என்ற கேள்விக்கு இதைவிடச் சுத்தமான பதில் எனக்குத் தெரிந்து இல்லை.

பிறகு தூர்தர்ஷனில் வந்தார்கள். ஞாயிறானாலும் திங்களானாலும் முட்டை சாப்பிடு என்ற அந்த இந்திப் பாட்டு, இந்தி தெரியாத நம் ஊர்ப் பிள்ளைகள் வாயிலும் ஓடியது. எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது, சரி. அதனால் முட்டை அதிகம் விற்றதா?

இங்கே ஒரு அப்ளிகேஷன் எழுதுவோம், வாருங்கள். 'தமிழ்நாட்டில் முட்டை உபயோகம் உயர்ந்தது, ஆகவே எங்கள் விளம்பரம் வென்றது.' போச்சு! ஜட்ஜ் கேட்பார்: "1989-லிருந்து சத்துணவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை கொடுக்க ஆரம்பித்தார்களே, 2010-ல் அது வாரத்துக்கு ஐந்து ஆனதே, அந்த முட்டையெல்லாம் உங்கள் கணக்கிலா, அரசாங்கத்தின் கணக்கிலா?" அப்புறம் புரட்டாசி. பாதித் தமிழ்நாடு சைவம். கார்த்திகையில் மாலை போடுகிறார்கள். சித்திரை வெயிலில் 'முட்டை சூடு' என்று பாட்டி தடை உத்தரவு போடுகிறாள். கார்த்திகையில் எடுத்த விற்பனைக் கணக்கைத் தை மாதத்தோடு ஒப்பிட்டு 'பிரமாண்ட வளர்ச்சி' என்று கிராஃப் போட்டால், அந்த வளர்ச்சிக்குக் காரணம் நீங்கள் இல்லை, ஐயப்பசாமி.

கெட்டிக்காரன் எப்படி எழுதுவான்? 'சித்திரை மாசம் சூடு என்று முட்டையை ஒதுக்குகிற வீடுகள்தான் எங்கள் இலக்கு. போன சித்திரையோடு இந்தச் சித்திரையை ஒப்பிடுகிறோம். பள்ளிக்கூடத்துக்குப் போன முட்டையைக் கழித்துவிட்டோம். விளம்பரம் போகாத ஒரு ஊரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.' வந்த வித்தியாசம் சின்னதாக இருக்கலாம். ஆனால் அது அவனுடையது. பெரிய இரவல் எண்ணைவிடச் சின்ன சொந்த எண்ணுக்குத்தான் மார்க்.

2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவில் நவாப்பூர் பக்கம் பறவைக் காய்ச்சல் வந்தது. அது எங்கேயோ, நாமக்கல் எங்கேயோ. நம் பண்ணைகளில் நோய் இல்லை. ஆனாலும் ஜனங்கள் முட்டையைக் கண்டாலே ஒதுங்கிப் போனார்கள். வாங்கத்தான் ஆள் இல்லை. கோழி முட்டை போடுவதை நிறுத்துமா? அது பேப்பர் படிப்பதில்லையே! அப்போது சொல்ல வேண்டியிருந்தது ஒரே விஷயம்: நன்றாக வேகவைத்தால், அதாவது உள்ளே வரை 70 டிகிரி சூடு போனால் அந்தக் கிருமி சாகும் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னதை, நம் வீட்டுச் சமையலறைப் பாஷையில் சொல்வது. குழம்பில் கொதிக்கிற முட்டைக்குப் பயம் வேண்டாம். அவ்வளவுதான். இப்படி ஒரு நெருக்கடி வேலையை அப்ளிகேஷனாக எழுதினால் எத்தனை பேனர் கட்டினோம் என்பது பதில் ஆகாது. விற்பனை பழைய மட்டத்துக்குத் திரும்ப எத்தனை வாரம் ஆயிற்று என்பதுதான் பதில்.

பேனர் என்றதும் இன்னொரு வியாதி ஞாபகம் வருகிறது. பேப்பரில் நம் கம்பெனி நியூஸ் வந்தால், ஸ்கேலை வைத்து அளந்து, "இந்த இடத்துக்கு விளம்பரம் கொடுத்திருந்தா இத்தனை லட்சம் சார், ஓசியில வாங்கிட்டோம்!" என்று கணக்குக் காட்டுவது. ஜி.எம்.களுக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும். ஏனென்றால் இதில் நஷ்டமே வராது. 2010-ல் பார்சிலோனாவில் இந்தத் துறைக்காரர்கள் கூடி, அளப்பதற்கென்று ஏழு கொள்கைகள் வகுத்தார்கள். அதில் ஒன்று, செய்தி வந்த இடத்துக்கு விளம்பர ரேட் போட்டுக் காட்டுவது தகவல்தொடர்பின் மதிப்பே அல்ல என்பது. விஷயம் தெரிந்த ஜட்ஜ் முன்னால் ஸ்கேல் கணக்கை வைத்தால் பேப்பர் அந்த நிமிஷமே கீழே போய்விடும்.

எதிர்ப்பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். 2003 வாக்கில் தமிழ்நாடு முழுக்கச் சுவர்களில் ஒரு கேள்வி: 'புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' ஞாபகம் இருக்கிறதா? என் நண்பன் ஒருவன் பெயர் ராஜா. அவனுக்கு அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாவம், ஜாதகம் வந்த இடத்திலெல்லாம் பெண்ணின் தம்பிமார்கள் சிரித்தார்கள். ஊரே பேசியது, அதில் சந்தேகமில்லை. லாரித் தொழிலே மூச்சாக உள்ள நாமக்கல், அந்த நோயால் மாநிலத்தில் மிக அதிகம் அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை வெளிப்படையாகச் சொல்லி, 1998-ல் 'பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்' தொடங்கிய பி.கௌசல்யா நாமக்கல் பக்கத்துப் பெண்தான். சுவரில் கேள்வியைப் படித்துச் சிரித்தது ஒரு விளைவு. சிரித்தவன் ஒருவன் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்துப் பரிசோதித்தான் என்றால் அது வேறு விளைவு. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு எழுதுகிற அப்ளிகேஷன்களை நான் ஏகப்பட்டது பார்த்துவிட்டேன்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன்.

நூல் மில்லில் பஞ்சுத் தூசு பொல்லாதது. வருஷக்கணக்கில் உள்ளே போனால் நெஞ்சு இறுகும், மூச்சு வாங்கும். முகத்தில் மாஸ்க் கட்ட வேண்டும். கட்டமாட்டார்கள். தமிழில் எதுகை மோனையோடு பழைய போஸ்டர் ஒன்று சுவரில் இருந்தது. அது எழுதிய காலத்தில் ஷெட்டில் தமிழ் ஆட்கள். இன்று ஒடிஸா, பீகார் பிள்ளைகள்தான் பாதிக்கு மேல். எதுகை மோனை யாருக்கு?

எங்கள் ஹெச்.ஆரில் புதுசாக ஒரு பையன். ராசிபுரம் பக்கம். அதிகம் பேசமாட்டான். பிரசாரம் ஆரம்பிக்கும் முன்பே, நான் சொல்லாமலேயே, ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு மூன்று ஷிப்ட்டிலும் ஒரு வாரம் ஸ்பின்னிங் வாசலில் நின்றான். மாஸ்க் போட்டவர் ஒரு கோடு, போடாதவர் ஒரு கோடு. முழு நைட்டில் விடியற்காலை மூன்று மணிக்குக்கூட நின்றிருக்கிறான். 'முன்னால் எப்படி இருந்தது' என்பதற்கு இந்த மாதிரி அட்டை இல்லாமல்தான் முக்கால்வாசி அப்ளிகேஷன்கள் சாகின்றன. வேலை முடிந்த பிறகு அதைத் தயாரிக்க முடியாது. தயாரித்தால் அதற்கு வேறு பெயர்.

அப்புறம் வேலை. ஒரு ஷிப்ட் முழுக்கக் கட்டியிருந்த மாஸ்க்கை வெட்டி விரித்து, வெளிப்பக்கத்துத் தூசு தெரிகிற மாதிரி டைம் ஆபீஸ் வாசலில் மாட்டினோம். பக்கத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை. கேன்டீன் ஸ்பீக்கரில் ஒடியாவிலும் இந்தியிலும் அவர்கள் ஊர் ஆட்களே பேசினார்கள். மூன்று மாதம் கழித்துப் பையன் மறுபடியும் அட்டையோடு நின்றான். பகல் ஷிப்ட்டில் நல்ல மாற்றம். அரை நைட்டில் பரவாயில்லை. முழு நைட்டில் ஒன்றுமே இல்லை. சைபர். (எண்களைக் கேட்காதீர்கள், அது மில் ரகசியம்.)

அப்ளிகேஷனைப் படித்த ஜி.எம். பேனாவை எடுத்தார்.

"பிரமாதம். இந்த முழு நைட் பாராவை மட்டும் எடுத்துடுங்க."

பையன் என்னைப் பார்த்தான். நான் ஃபேனைப் பார்த்தேன். கடைசியில் அவனே பேசினான்.

"சார், மூணு ஷிப்ட்டுன்னு மேல எழுதியிருக்குதுங்க. கீழ ரெண்டுக்குத்தான் கணக்கு இருந்தா, மூணாவது எங்கேன்னு கேப்பாங்க சார்."

"பகல் நம்பரையே சராசரின்னு போட்டுடுப்பா."

"அட்டையோட போட்டோவைச் சேர்த்து அனுப்பறோமுங்க சார்... அதுல கோடு தெரியுமுங்க."

ஏ.சி. சத்தம் மட்டும் கேட்டது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகாத பையன். கன்ஃபர்மேஷன் லெட்டர்கூட வரவில்லை. எனக்கு உள்ளங்கை வியர்த்தது. நானும் வாயைத் திறந்தேன்: "சார், 'எது பலிக்கலை'ன்னு ஒரு கேள்வியே ஃபாரத்துல இருக்கு. காலியா விட்டா மார்க் போயிடும்." மார்க் என்றதும் பேனா மூடியைப் போட்டார். பாரா பிழைத்தது.

மீதியெல்லாம் கைவேலை. முப்பது பக்கத்தை நான்காக வெட்டினோம். குத்துவிளக்கு போட்டோக்கள் அவுட். முன்சுருக்கத்தைக் கடைசியில் எழுதினோம். முதலில் எழுதினால் அது விருப்பமாக இருக்குமே தவிரச் சுருக்கமாக இருக்காது. எழுதியதை மில்லுக்குச் சம்பந்தமே இல்லாத ஆளிடம் படிக்கக் கொடுத்தேன், என் மனைவியிடம். "'பங்குதாரர் ஈடுபாடு'ன்னா என்ன, ஷேர் மார்க்கெட்டா?" என்றாள். அடித்தேன். 'மேஸ்திரிகளிடம் பேசினோம்' என்று எழுதினேன்.

பரிசு கிடைத்ததா என்கிறீர்களா? இறுதிச் சுற்று வரை போனோம். கேடயம் வேறு ஊருக்குப் போயிற்று. வீடியோவில் எங்களைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்ட ஜட்ஜ் அம்மா, போஸ்டரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "நைட் ஷிப்ட்ல ஏன் வரலை? கண்டுபிடிச்சீங்களா?" என்றார். ஜி.எம்.மும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை மீட்டிங்கில் அதே கேள்வியை அவர் எங்களிடம் கேட்டார். விசாரித்தால் விஷயம் அல்பம். ஷெட்டுக்குள் ஈரக் காற்று. ராத்திரி இரண்டு மணிக்குள் மாஸ்க் வியர்வையில் நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொள்கிறது, மூச்சு விட முடிவதில்லை. மாற்று மாஸ்க் ஸ்டோரில் இருக்கிறது. ஸ்டோர்கீப்பர் எட்டு மணிக்குப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். அவருக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டல்லவா!

இப்போது முழு நைட் மேஸ்திரியின் டேபிளிலேயே ஒரு பெட்டி மாஸ்க் இருக்கிறது. போன வாரம் விடியற்காலை மூன்று மணிக்குப் பையன் புது அட்டையோடு ஸ்பின்னிங் வாசலில் நின்றான். எத்தனை கோடு என்று கேட்டேன்.

"இன்னும் ரெண்டு நாள் பாக்கணுமுங்க அண்ணா" என்றான்.